கிரேக்க, லத்தீன் பைபிளை யார் யார் திருத்துனாங்க, எதுக்குத் திருத்துனாங்க

கேள்வி சுருக்கமா இதுதான்: பைபிளை கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் பல தடவ திருத்தியிருக்காங்கன்னு சொல்றாங்களே, யார் திருத்துனது, எப்போ, எதுக்கு, அப்போ நம்ம கையில இருக்குறது மாத்தி எழுதினதா? "ஒரு எழுத்துகூட மாறல"ன்னு ஒரு பக்கமும் "எல்லாத்தையும் மாத்திட்டாங்க"ன்னு இன்னொரு பக்கமும் ஆளுங்க சண்ட போடுறதைப் பாத்துட்டுதான் இருக்கேன். ரெண்டுமே சரி இல்ல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த ரெண்டு மொழிப் பாடங்களோடயே உக்காந்திருக்கேன், தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. திருத்துனவங்க யாருமே புதுசா ஏதாவது சேர்க்கணும்னு உக்காரல, பழசுக்குத் திரும்பிப் போகணும்னுதான் உக்காந்தாங்க. ஆனா அச்சு வர்ற வரைக்கும் எல்லாமே கையால எழுதுறதுதானே, திருத்துன பிரதியும் திருத்தாத பிரதியும் ஒரே அலமாரியில இருக்கும், அடுத்து காப்பி எடுக்குறவர் ரெண்டையும் வெச்சுகிட்டு எழுதுவார், இல்லன்னா ஒண்ணைப் பாத்து எழுதும்போதே சின்ன வயசுல மனப்பாடம் பண்ண இன்னொண்ணு கையில வந்துடும். அதனால ஒவ்வொரு திருத்தமும் பழசை அழிக்கல, பழசோட கலந்துடுச்சு. அந்தக் கலவையைப் பிரிக்க இன்னொருத்தர் வருவார், அவர் பிரிச்சு வெச்சதும் மறுபடி கலக்கும். ஆயிரத்து ஐநூறு வருஷம் திரும்பத் திரும்ப நடந்தது இதான்.

கிரேக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கிமு 3ம் நூற்றாண்டுல எகிப்தோட அலெக்சாந்திரியாவுல இருந்த யூதர்களுக்கு எபிரேயம் கை நழுவிப் போயிட்டிருந்துச்சு, வீட்டுப் பேச்சு கிரேக்கம். அவங்களுக்காக முதல்ல மோசேயோட அஞ்சு புத்தகமும், அப்புறம் நூறு இருநூறு வருஷத்துல மத்ததும் கிரேக்கத்துக்கு வந்துச்சு. 72 மூப்பர்கள் கூடி மொழிபெயர்த்தாங்கன்னு ஒரு கதை இருக்குறதால அதுக்கு செப்துவாஜிந்த், எழுபதின்மர் பதிப்புன்னு பேர் வந்துச்சு. அப்போ எபிரேயப் பாடமே ஒரே வடிவத்துல வந்து நிக்கல, இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. எரேமியா புத்தகம் கிரேக்கத்துல ஏழுல எட்டுல ஒரு பங்கு சின்னது, அதிகார வரிசையும் வேற. கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவங்க வெட்டிட்டாங்கன்னு பல பேர் நெனச்சிருந்தாங்க, அப்புறம் பாத்தா சாக்கடல் பக்கத்துல கும்ரான் குகையில அந்தச் சின்ன வடிவத்தோட ஒத்துப்போற எபிரேயத் துண்டே கிடைச்சுது. அதாவது அவங்க முன்னாடி இருந்த எபிரேயமே அப்படித்தான் இருந்திருக்கு.

காலம் போகப் போக யூதர்கள் மத்தியில ஒரு எபிரேயப் பாடம் நிலைச்சுது, அதோட வெச்சுப் பாத்தா பழைய கிரேக்கம் அங்கங்க இடிச்சுது, உடனே கிரேக்கத்தை எபிரேயத்துக்கு நெருக்கமா இழுக்க ஆரம்பிச்சாங்க. இது கிறிஸ்தவர்களோட வாக்குவாதம் வந்த பிறகுதான் நடந்துச்சுன்னு முன்னாடி நெனச்சாங்க. 1950கள்ல சாக்கடலுக்குப் பக்கத்துல நஹல் ஹெவர்ங்கற பள்ளத்தாக்குல ஒரு குகையில இருந்து பன்னிரண்டு சிறு தீர்க்கதரிசிகளோட கிரேக்கச் சுருள் வெளிய வந்துச்சு. ரோமாபுரிக்கு எதிரா யூதர்கள் பண்ண பார் கோக்பா கலகத்துல அங்க ஒளிஞ்சவங்களோட எலும்புகளும் கிடைச்சதால அதுக்கு பயங்கரக் குகைன்னே பேர். சுருள் ஏறக்குறைய இயேசு காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எழுதினது, எல்லாம் கிரேக்கம், கடவுள் பேர் மட்டும் பழைய எபிரேய எழுத்துல. தொமினிக் பார்த்தெலெமிங்கற துறவி அதை வரி வரியா ஆராஞ்சு, இது புது மொழிபெயர்ப்பு இல்ல, பழைய கிரேக்கத்தையே எபிரேயத்தைப் பாத்துத் திருத்துன பாடம்னு 1963ல காட்டுனார். அவர் பிடிச்ச நூல் முனை ரொம்பச் சின்னது, எபிரேயத்துல "கூட", "உம்"ங்கற அர்த்தத்துல வர்ற ஒரு சொல்லுக்கு இந்தத் திருத்தக்காரங்க விடாம "காய் கே"ன்னு எழுதியிருக்காங்க, அதைப் பிடிச்சுட்டே போனா வேற புத்தகங்கள்லயும் அதே கை தெரியுது. அதே குகையில இருந்து 2021லயும் இந்தச் சுருளோட சின்னச் சின்னத் துண்டுகள் கிடைச்சுது.

அடுத்து கிபி 130 வாக்குல அக்கீலா. சொல்லுக்குச் சொல் எபிரேயத்தைக் கிரேக்கத்துல வெச்சவர். எவ்வளவு தூரம் போனார்னா, எபிரேயத்துல செயப்படுபொருளுக்கு முன்னாடி "எத்"னு ஒரு சின்னச் சொல் வரும், நம்ம "வானத்தை"ல வர்ற ஐ உருபு செய்யுற அதே வேலை. கிரேக்கத்துல அதுக்குச் சொல்லே தேவை இல்ல, பெயரோட ஈறு மாறினா போதும். அக்கீலாவுக்கு மனசு கேக்கல, மூலத்துல ஒரு சொல் இருந்தா இங்கயும் ஒரு சொல் இருக்கணும்னு "சூன்"ங்கற சொல்லைப் போட்டார், கிரேக்கத்துல அதுக்கு "கூட, உடன்"னு அர்த்தம். ஆதியாகமத்தோட முதல் வசனத்துலயே இது நிக்குது, கிரேக்கம் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சா திகைச்சுப் போவார். ஆனா எனக்கு அக்கீலா மேல பெரிய மரியாதை, மூலத்துல ஒரு புள்ளி காணாம போகக் கூடாதுன்னு பதறுன மனசு அது. அவரோட சேர்த்து சொல்றவங்க, அவர் மாதிரியே கிரேக்கப் பாடம் குடுத்த சிம்மாக்கஸ், தியோடோஷன். தியோடோஷன் பேர்ல வழங்குற தானியேல் பாடம் எவ்வளவு பரவுச்சுன்னா, சபைகள் பழைய கிரேக்க தானியேலையே கைவிட்டுட்டாங்க, பழசு இன்னைக்கு விரல் விட்டு எண்ணுற அளவு சுவடிகள்லதான் இருக்கு.

இப்போ ஓரிஜென், பழைய சபையோட பெரிய அறிஞர். பாலஸ்தீனத்து செசரியாவுல 230, 240கள்ல அவர் பண்ண வேலையை நெனச்சா இன்னைக்கும் மலைப்பா இருக்கு. பழைய ஏற்பாடு முழுசையும் ஆறு பத்தியா பக்கத்துல பக்கத்துல எழுத வெச்சார், எபிரேயம், அதே எபிரேயம் கிரேக்க எழுத்துல, அக்கீலா, சிம்மாக்கஸ், எழுபதின்மர், தியோடோஷன். ஒரு வரிக்கு ஒண்ணு ரெண்டு சொல்தான். இதான் ஹெக்ஸாப்ளா. அப்புறம் எழுபதின்மர் பாடத்துல அடையாளம் போட்டார், கிரேக்கத்துல இருக்கு எபிரேயத்துல இல்லன்னா ஒரு கோடு, எபிரேயத்துல இருக்கு கிரேக்கத்துல இல்லன்னா மத்ததுல இருந்து எடுத்து வெச்சு அதுக்கு நட்சத்திரக் குறி, நம்ம பெருக்கல் குறி போட்டு நாலு சந்துலயும் புள்ளி வெச்ச மாதிரி. ஹோமர் காவியத்தைப் பதிப்பிச்ச அலெக்சாந்திரியாப் புலவர்கள்கிட்ட இருந்து வந்த முறை அது. எதையும் வெட்டல, எதையும் ஒளிச்சு வைக்கல, படிக்கிறவன் பாத்து முடிவு பண்ணட்டும்னு விட்டார்.

நடந்தது என்ன? ஆறு பத்தியையும் காப்பி எடுக்க யாருக்குத் தெம்பு இருக்கு. அந்த எழுபதின்மர் பாடத்தை மட்டும் அவருக்கப்புறம் செசரியாவுல இருந்த அறிஞர்கள் பம்பீலஸும் யூசேபியஸும் தனியா எடுத்துப் பரப்புனாங்க, அதுல இருந்து காப்பி எடுத்தவங்க குறிகளை விட்டுட்டாங்க. குறி போனதும் எது பழைய கிரேக்கம், எது ஓரிஜென் சேர்த்ததுன்னு கண்டுபிடிக்க வழி இல்ல. பழசைத் தெளிவாக் காட்டணும்னு பண்ண வேலையே பழசை மறைக்குற வேலையா மாறிடுச்சு, இதை நெனைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். நல்லவேளையா 616, 617 வாக்குல தெல்லா ஊர் ஆயர் பவுல் அதை சிரியாக் மொழிக்குக் கொண்டு போனப்போ குறிகளையும் சேர்த்தே எழுதுனார், ஓரிஜெனோட குறிகள்ல நமக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் அந்த சிரியாக் வழியாத்தான். ஹெக்ஸாப்ளாவே மொத்தமா அழிஞ்சு போச்சு. 1890கள்ல மிலான் நூலகத்துல ஜியோவான்னி மெர்காத்தி ஒரு தோல் சுவடியில மேல எழுதியிருந்த வழிபாட்டுப் பாட்டுகளுக்கு அடியில, சுரண்டிட்டு மேல எழுதுன பழைய எழுத்துல, சங்கீதங்களோட ஹெக்ஸாப்ளா பத்திகளைக் கண்டுபிடிச்சார். கெய்ரோ யூதக் கோவில் சேமிப்பறையில இருந்தும் ஒரு துண்டு கிடைச்சுது.

இந்தத் திருத்தக்காரங்க யாருன்னு முகம் தெரியாம பேசிட்டே போறோமில்ல, ஒரு இடத்துல முகம் தெரியுது. சினாய் சுவடின்னு 4ம் நூற்றாண்டுச் சுவடி ஒண்ணு இருக்கு, அதுல எஸ்தர் புத்தகத்தோட கடைசியில பின்னால வந்த ஒரு திருத்தக்காரர் ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கார். ரொம்பப் பழைய ஒரு பிரதியோட இதை ஒப்பிட்டேன், அந்தப் பிரதியோட முடிவுல பம்பீலஸே தன் கையால எழுதியிருந்தார், அதுல இப்படி இருந்துச்சுன்னு சொல்லி அதையும் எடுத்து எழுதுறார்: ஓரிஜெனோட ஹெக்ஸாப்ளாவைப் பாத்துத் திருத்தப்பட்டது, அந்தோனினுஸ் ஒப்பிட்டார், பம்பீலஸ் நான் திருத்தினேன், சிறையில். விசுவாசத்துக்காக ஜெயில்ல போட்டிருக்காங்க, 310ல பம்பீலஸைக் கொன்னுட்டாங்க, அதுக்கு நடுவுல ரெண்டு பேர் ஒருத்தர் படிக்க ஒருத்தர் திருத்தன்னு எழுத்துப் பிழை பாத்துட்டிருந்திருக்காங்க. "மாத்தி எழுதிட்டாங்க"ன்னு சும்மா சொல்றவங்க இந்தக் குறிப்பை ஒரு தடவ படிக்கணும்னு எனக்கு ஆசை.

அந்தியோக்கியாவுல லூசியன்னு ஒருத்தர், அவரும் 312ல இரத்தசாட்சியா செத்தவர், அவர் பேர்லயும் ஒரு திருத்தப் பாடம் இருக்கு. 4ம் நூற்றாண்டு முடியுறப்போ எகிப்துல ஒண்ணு, அந்தியோக்கியா பக்கம் ஒண்ணு, பாலஸ்தீனத்துல ஒண்ணுன்னு மூணு பாடம் இருக்கு, உலகமே இந்த மூணுக்கு நடுவுல மோதிட்டு இருக்குன்னு லத்தீன் பைபிளைத் திருத்துன ஜெரோம் எழுதுறார்.

ஜெரோம்னு சொன்னதும் லத்தீனுக்கு வந்துட்டோம். லத்தீன்ல 2ம் நூற்றாண்டுல இருந்தே மொழிபெயர்ப்பு இருந்துச்சு, ஒருத்தர் பண்ணது இல்ல, ஊருக்கு ஊர். கிரேக்கச் சுவடி ஒண்ணு கையில கிடைச்சு ரெண்டு மொழியும் கொஞ்சம் தெரியும்னு நெனச்ச எவனும் மொழிபெயர்க்கத் துணிஞ்சுட்டான்னு வட ஆப்பிரிக்கா ஆயர் அகுஸ்தினார் வருத்தப்படுறார். எத்தனை பிரதியோ ஏறக்குறைய அத்தனை பாடம்னு ஜெரோம் சொல்றார். எல்லாம் கிரேக்கத்துல இருந்து வந்ததுதான், பழைய ஏற்பாடும் எபிரேயத்துல இருந்து இல்ல, எழுபதின்மர்ல இருந்து. 382 வாக்குல ரோமாபுரி ஆயர் தமாசுஸ் கேட்டுகிட்டதால ஜெரோம் நாலு சுவிசேஷத்தையும் பழைய கிரேக்கச் சுவடிகளோட ஒப்பிட்டுத் திருத்துனார். முன்னுரையிலயே பயத்தைச் சொல்லிட்டார், படிச்சவனோ படிக்காதவனோ புத்தகத்தைக் கையில எடுத்து, தனக்குப் பழகின ருசி இல்லன்னு தெரிஞ்சதும் என்னைப் பொய்யன், வேதத்தைக் கெடுத்தவன்னு கத்தப் போறான்னு. அதனால அர்த்தம் மாறுற இடத்துல மட்டும் கை வெச்சேன், மத்ததை அப்படியே விட்டேன்னும் சொல்றார்.

அதுக்கு ஒரு நல்ல உதாரணம் கர்த்தர் கற்பித்த ஜெபம். "எங்கள் அனுதின உணவை"ன்னு சொல்றோமே, அந்த "அனுதின"ங்கற இடத்துல கிரேக்கத்துல "எப்பியூசியோஸ்"னு ஒரு சொல், கிரேக்க இலக்கியத்துல வேற எங்கயும் சரியா அகப்படாத சொல், நாளைக்கானதா, தேவையானதா, அன்னன்னைக்கானதான்னு இன்னும் பேசிட்டு இருக்காங்க. மத்தேயுலயும் லூக்காவுலயும் அதே சொல்தான். ஜெரோம் மத்தேயுல அதைப் பிரிச்சுப் பாத்து "சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்"னு போட்டார், எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம்ங்கற மாதிரி. லூக்காவுல பழைய லத்தீன்ல இருந்த "கொத்திதியானும்", அன்றாடம்ங்கறதை அப்படியே விட்டுட்டார். ஒரே ஆள், ஒரே கிரேக்கச் சொல், ரெண்டு லத்தீன். கோவில்ல ஜெபிச்ச ஜனங்களோ மத்தேயு வடிவத்தையேதான் சொன்னாங்க, ஆனா அந்த ஒரு சொல்லை மட்டும் பழைய மாதிரியே "அன்றாட"ன்னே சொன்னாங்க, ஜெரோமோட புதுச் சொல் ஏட்டுல இருந்துச்சு, யாரோட நாக்குலயும் ஏறல, இன்னைக்கு வரைக்கும் ஏறல.

அப்புறம் பெத்லகேம்ல போய் உக்காந்து 390ல இருந்து 405 வரைக்கும் பழைய ஏற்பாட்டை நேரடியா எபிரேயத்துல இருந்தே லத்தீனுக்குக் கொண்டு வந்தார். இது பெரிய துணிச்சல், ஏன்னா எழுபதின்மர் பாடமே தேவ ஏவுதலால வந்ததுன்னு சபை நம்புன காலம். 403ல அகுஸ்தினார் அவருக்கு ஒரு கடிதம் எழுதுறார். இன்னைக்கு லிபியாவுல திரிபோலி இருக்குற இடம், அப்போ ஓயான்னு பேர், அங்க ஒரு ஆயர் ஜெரோமோட புது மொழிபெயர்ப்புல இருந்து யோனா புத்தகத்தை வாசிக்க வெச்சிருக்கார். வாசிச்சுட்டு வரும்போது ஒரு சொல் வந்துச்சு, எல்லாரோட மனசுலயும் ஞாபகத்துலயும் வேரூன்றி, தலைமுறை தலைமுறையா பாடிட்டு வந்த சொல் இல்ல, வேற ஒண்ணு. சபையில ஒரே கூச்சல், முக்கியமா கிரேக்கர்கள், இது பொய்னு கத்தியிருக்காங்க. ஆயர் ஊர்ல இருந்த யூதர்கள்கிட்ட கேட்டார், அவங்க பழைய பாடம்தான் சரின்னு சொல்லிட்டாங்க, கடைசியில சபையே தன்னை விட்டுப் போயிடும்ங்கற பயத்துல அவர் திருத்தி வாசிக்க வேண்டியதாப் போச்சு.

அந்தச் சொல் என்னன்னு ஜெரோம் பதில்ல சொல்றார். நினிவேக்கு வெளிய யோனா உக்காந்திருக்கும்போது நிழலுக்காகக் கடவுள் ஒரே ராத்திரியில முளைக்க வெச்ச செடி. எபிரேயத்துல "கீகாயோன்". எழுபதின்மர் அதைச் சுரைக்கொடின்னு மொழிபெயர்த்தாங்க, பழைய லத்தீனும் அதே சுரை. ஜெரோம் "ஹெதேரா"ன்னு எழுதுனார், சுவத்துல படருற ஐவிக் கொடி. ரோமாபுரிக் கல்லறைக் குகைகள்ல, சவப்பெட்டிக் கல்லுகள்ல 3ம் நூற்றாண்டுல இருந்தே யோனா சுரைக்கொடிப் பந்தல் கீழ படுத்திருக்குற மாதிரி வரைஞ்சு, செதுக்கி வெச்சிருக்காங்க. ஜனங்க கண்ணாலயும் பாத்த சுரை அது, அதை எப்படி விடுவாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் என்னன்னா, ஐவி தப்புன்னு ஜெரோமுக்கே தெரியும். யோனாவுக்கு எழுதுன விளக்கவுரையில அந்தச் செடியை நேர்ல பாத்தவரா வர்ணிக்கிறார், திராட்சை இலை மாதிரி அகலமான இலை, அடர்ந்த நிழல், தாங்குறதுக்குக் கொம்பு வேண்டாம் தன் தண்டுலயே நிக்கும், பாலஸ்தீனத்துல மணல் பாங்கான இடத்துல நிறைய வரும், விதையைப் போட்டா சீக்கிரமே சின்ன மரமா நிக்கும். இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரங்க யாருக்கும் சந்தேகமே வராது, ஆமணக்கு. லத்தீன்ல அதுக்குப் பேர் இல்ல, எபிரேயச் சொல்லை அப்படியே வெச்சா யாருக்கும் புரியாது, சுரைன்னு போட்டா மூலத்துல இல்லாததைச் சொன்ன மாதிரி ஆகும், அதனால எனக்கு முன்னாடி அக்கீலா மாதிரி ஆளுங்க பண்ணபடி ஐவின்னு போட்டேன்ங்கறார். எங்க பாட்டி வீட்டுக் கொல்லையில ஆமணக்கு நின்னுச்சு, நம்ம பழைய திருப்புதல்ல, அதாவது பழைய தமிழ் பைபிள்ல, யோனா 4:6ல "ஆமணக்குச் செடி"ன்னு சின்ன வயசுலயே படிச்சிருக்கேன். கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் ஊரைக் கூட்டுன சிக்கல் தமிழ்ல ஒரே சொல்லுல தீர்ந்து கிடக்கு, ஏன்னா அந்தச் செடி நம்ம கொல்லையில இருக்கு, அதுக்குப் பேரும் இருக்கு.

சங்கீதத்துக்கு வந்தா பழக்கம் ஜெரோமையே ஜெயிச்சுடுச்சு. எபிரேயத்துல இருந்து சங்கீதங்களை முழுசா புதுசா மொழிபெயர்த்தார், யாரும் எடுத்துக்கல. அதுக்கு முன்னாடி ஓரிஜெனோட கிரேக்கத்தைப் பாத்து அவர் திருத்துன பழைய வடிவம்தான் கால் நாட்டுல, இன்னைய பிரான்சுல, வழிபாட்டுல ஏறி, அப்படியே வுல்காத்தாவுக்குள்ள உக்காந்துடுச்சு. அதாவது வுல்காத்தான்னு நாம சொல்ற லத்தீன் பைபிள்ல பெரும்பாலான பழைய ஏற்பாடு எபிரேய வழி, சங்கீதம் கிரேக்க வழி, புதிய ஏற்பாட்டுல சுவிசேஷம் ஜெரோம் திருத்துனது, மத்த நிருபங்கள் வேற யாரோ திருத்துனது. "ஜெரோமின் வுல்காத்தா"ன்னு ஒரே மூச்சுல சொல்றோம், உள்ள பல கைகள் இருக்கு.

அடுத்த பல நூறு வருஷம் பழைய லத்தீனும் ஜெரோமும் கலந்த காலம். இதுல ஒரு சுவடியைச் சொல்லணும், அமியாத்தினுஸ். இங்கிலாந்துல வடக்கு மூலையில வேர்மவுத், ஜாரோன்னு ரெட்டை மடம், அதிபர் சியோல்ஃப்ரித் மூணு முழு பைபிள் எழுத வெச்சார், அதுல ஒண்ணை ரோமாபுரியில பேதுருவுக்குக் காணிக்கையா குடுக்க 716ல கிழவர் தானே கிளம்பிப் போனார், பாதி வழியில பிரான்சுல லாங்ரே ஊர்ல இறந்துட்டார். புத்தகம் 34 கிலோவுக்கு மேல கனம். அப்புறம் இத்தாலியில ஒரு மடத்துக்குப் போயி, காணிக்கைப் பக்கத்துல அவர் பேரைச் சுரண்டிட்டு லொம்பார்து நாட்டு பேதுருன்னு ஒருத்தர் பேரை எழுதிட்டாங்க, அதனால இத்தாலியச் சுவடின்னே நெனச்சிருந்தாங்க, 1880கள்லதான் சுரண்டுன பேர் தெரிய வந்துச்சு. ஜெரோமோட பாடத்துக்கு ரொம்ப நெருக்கமான முழு பைபிள்ல முதல் இடத்துல இருக்குறது ரோமாபுரியிலயும் எழுதல, பெத்லகேம்லயும் எழுதல, குளிர்ல கை விறைக்குற வடக்குல எழுதியிருக்காங்க.

சார்லமேன் ராஜா காலத்துல அல்குவின் 800 வாக்குல எழுத்தும் இலக்கணமும் சரி பண்ண ஒரு பாடம் குடுத்தார், ஆர்லியன்ஸ் ஆயர் தெயோதுல்ஃப் இன்னும் நுணுக்கமா, எந்தச் சொல் எந்த வகைச் சுவடியில இருக்குன்னு ஓரத்துல எழுத்துக் குறி போட்டார். அல்குவினோடதுதான் பரவுச்சு, தூர் மடத்துல வருஷா வருஷம் காப்பி எடுத்து அனுப்புனாங்க. 13ம் நூற்றாண்டுல பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சுத்தி இருந்த புத்தக வியாபாரிங்க கையடக்க பைபிள் போட ஆரம்பிச்சாங்க, வேகமா போட்டதுல பாடம் கெட்டுப் போச்சு, தொமினிக்கன் துறவிகள் திருத்தப் பட்டியலே தனிப் புத்தகமா போட்டாங்க, ரோஜர் பேக்கன் அந்தத் திருத்தங்களையும் நம்பாதீங்க ஆளுக்கு ஒண்ணா திருத்துறாங்கன்னு போப்புக்கே எழுதுனார்.

அச்சு வந்ததும் கலக்குறது நின்னுருக்கணும். நிக்கல. 1516ல எராஸ்மஸ்ங்கற அறிஞர் பாசல் ஊர்ல கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுல கொண்டு வந்தார், விற்பனைக்கு வந்த முதல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதான். ஸ்பெயின்ல அல்காலாவுல கர்தினால் சிஸ்னேரோஸ் ஆளுங்க 1514லயே அச்சடிச்சு வெச்சிருந்தாங்க, ஆனா அனுமதி வந்து வெளிய வர பல வருஷம் ஆச்சு. எராஸ்மஸுக்கு அவசரம். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவருக்குக் கிடைச்சது ஒரே ஒரு கிரேக்கச் சுவடி, ராய்க்லின்ங்கற ஜெர்மன் அறிஞர்கிட்ட கடன் வாங்குனது, அதுல கடைசித் தாள் கிழிஞ்சு போயிருந்துச்சு. கடைசி ஆறு வசனத்தை என்ன பண்றது? லத்தீன் வுல்காத்தாவைப் பாத்து கிரேக்கத்துக்குத் தானே திருப்பி எழுதிட்டார், அப்படித்தான் பண்ணேன்னு தன் குறிப்புகள்ல சொல்லவும் செஞ்சிருக்கார்.

இப்போ உங்க வீட்ல இருக்குற பழைய திருப்புதலை எடுத்து வெளி 22:19 பாருங்க. இந்தப் புத்தகத்துல இருந்து எதையாவது எடுத்துப்போட்டா "ஜீவபுஸ்தகத்திலிருந்தும்" அவன் பங்கை தேவன் எடுத்துப்போடுவார்னு இருக்கும். கிரேக்கச் சுவடிகள்ல அங்க புஸ்தகம் இல்ல, ஜீவ மரம். லத்தீன்ல மரத்துக்கு "லிக்னோ", புஸ்தகத்துக்கு "லிப்ரோ". யாரோ ஒரு லத்தீன் எழுத்தர், பக்கத்துலயே புஸ்தகம் புஸ்தகம்னு வர்றதால, லிக்னோவை லிப்ரோன்னு எழுதிட்டார், அது பரவி எராஸ்மஸ் கையில இருந்த லத்தீனுக்கு வந்து, அவர் அதைக் கிரேக்கமாக்க, அந்தக் கிரேக்கம் பாரிஸ்ல ராபர்ட் எஸ்தியேன் 1550ல போட்ட பதிப்புக்கும், பெசா பதிப்புக்கும் போயி, அதுல இருந்து கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்துக்குப் போயி, 1871ல முழுசா வந்த நம்ம பழைய திருப்புதலுக்கும் (ஹென்றி பவர் தலைமையில வந்ததால பவர் திருப்புதல்னு சொல்வாங்க) வந்துடுச்சு. பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியத்துல பாத்தீங்கன்னா மரம்னு இருக்கும், ஏன்னா அது பிற்காலத்து ஆராய்ச்சிப் பதிப்புல இருந்து வந்தது. யாரும் சதி பண்ணல, எங்கயோ ஐரோப்பாவுல ஒரு கை ரெண்டு எழுத்து வழுக்குனது பாளையங்கோட்டை வரைக்கும் வந்திருக்கு.

1 யோவான் 5:7 இன்னும் பெரிசு. பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவின்னு வர்ற வரி. 4ம் நூற்றாண்டு லத்தீன் எழுத்துல முதல்ல தலைகாட்டுது, பழைய கிரேக்கச் சுவடி எதுலயும் இல்ல. எராஸ்மஸ் முதல் ரெண்டு பதிப்புல சேர்க்கல, பெரிய கூச்சல், அப்புறம் அந்த வரி இருக்குற ஒரு கிரேக்கச் சுவடி வந்து சேர்ந்துச்சு, அதுவே அந்தக் காலத்துல எழுதுன புதுச் சுவடி, இப்போ டப்ளின்ல இருக்கு. 1522ல 3ம் பதிப்புல சேர்த்துட்டார். ஒரு சுவடி காட்டுனா சேர்க்குறேன்னு அவர் சவால் விட்டதா எல்லா இடத்துலயும் சொல்வாங்க, அந்தச் சவாலுக்கு அவர் எழுத்துல ஆதாரம் இல்ல, அதைத் தயவுசெய்து பரப்பாதீங்க. இந்த வரி இல்லன்னா திரியேகத்துவமே போச்சுன்னும் பயப்படாதீங்க, 4ம் நூற்றாண்டுல அதுக்காக வாதாடுன கிரேக்கச் சபைத் தந்தையர் யாரும் இந்த வரியை எடுத்துக் காட்டுனதே இல்ல.

கத்தோலிக்கத் தரப்புல 1546ல திரெந்து சங்கம் வுல்காத்தாதான் அதிகாரப்பூர்வம்னு அறிவிச்சுது, ஆனா எந்த வுல்காத்தா? ஒழுங்கான பதிப்பே இல்ல. நாற்பது வருஷம் இழுத்துச்சு. கடைசியில போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் குழு குடுத்ததை ஏத்துக்காம தானே உக்காந்து திருத்தி 1590ல போட்டார், இனி யாரும் ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு ஆணையோட. அச்சான பிறகு தெரிஞ்ச பிழைகளுக்கு மேல சின்னச் சின்னத் தாள் ஒட்டித் திருத்துனாங்க. ஆகஸ்ட்ல அவர் இறந்தார், செப்டம்பர்லயே கர்தினால்கள் விற்பனையை நிறுத்திட்டாங்க. 1592ல எட்டாம் கிளமெந்து போட்ட திருத்தின பதிப்புதான் அப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு.

அதுக்கப்புறம் உள்ளதைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1831ல கார்ல் லாக்மன் எராஸ்மஸ் வழிப் பாடத்தை ஓரமா வெச்சுட்டு பழைய சுவடிகள்ல இருந்தே கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கட்டுனார், திஷண்டோர்ஃப் சினாய் சுவடியை வெளிய கொண்டு வந்தார், 1881ல வெஸ்ட்காட், ஹார்ட், 1898ல நெஸ்லே, அந்த நெஸ்லே பதிப்போட 28ம் பதிப்பு 2012ல வந்துச்சு. லத்தீன்ல 1907ல பெனடிக்டன் துறவிகள்கிட்ட வேலையைக் குடுத்தாங்க, பழைய ஏற்பாடு மட்டுமே 1926ல ஆரம்பிச்சு 1995ல முடிஞ்சுது. அது தனி, 1979ல போப் ரெண்டாம் ஜான் பால் (அருள் சின்னப்பர்) வெளியிட்ட நோவா வுல்காத்தா தனி. முன்னது ஜெரோம் என்ன எழுதுனார்னு தேடுது, பின்னது எபிரேயமும் கிரேக்கமும் சொல்றதை வழிபாட்டு லத்தீன்ல சொல்லப் பாக்குது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மாத்தி எழுதினதாங்கற கேள்விக்கு நான் சொல்றது இதான். மாற்றம் நிறைய, பெரும்பாலானது எழுத்துப் பிழை, சொல் வரிசை, ஒரே பொருள் தர்ற வேற சொல். அர்த்தத்தைத் தொடுறது குறைவு, ஆனா இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். அது எதுவும் ரகசியம் இல்ல, ஒவ்வொரு ஆராய்ச்சிப் பதிப்புலயும் பக்கத்தோட அடியில எந்தச் சுவடியில எந்தப் பாடம்னு போட்டிருப்பாங்க, பழகிட்டா நீங்களே பாக்கலாம்.

சுவடிகளையும் நேர்லயே பாக்கலாம், சினாய் சுவடி 2009ல இருந்து முழுசா இணையத்துல இருக்கு, அதே 4ம் நூற்றாண்டுக் கிரேக்கச் சுவடியான வத்திக்கான் சுவடியும் வத்திக்கான் நூலகத் தளத்துல இருக்கு. பாத்தா வத்திக்கான் சுவடியோட 1512ம் பக்கத்தை, எபிரேயர் நிருபத்தோட முதல் பக்கத்தை, கட்டாயம் பாருங்க. 1:3ல நம்ம பைபிள்ல "தாங்குகிறவர்"னு இருக்குற இடத்துல முதல்ல எழுதுனவர் "வெளிப்படுத்துகிறவர்"னு எழுதியிருக்கார், கிரேக்கத்துல ரெண்டும் பாக்கக் கிட்டக் கிட்ட இருக்கும். பின்னால ஒருத்தர் அதைத் "தாங்குகிறவர்"னு திருத்தியிருக்கார். அதுக்கும் பல நூறு வருஷம் கழிச்சு வந்த ஒருத்தர் மறுபடி பழைய சொல்லையே எழுதிட்டு, ஓரத்துல கோவமா எழுதி வெச்சிருக்கார்: "மடையா, கெட்டவனே, பழசை அப்படியே விடு, மாத்தாதே." இன்னைக்கு ஆராய்ச்சிப் பதிப்புகள்ல பாடமா இருக்குறது "தாங்குகிறவர்"தான், அவர் திட்டுன அந்தத் திருத்தம்.